காந்தத்தில் ஒட்டாத காசு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து நீ போட்ட கணக்குக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். நானும் கீழ்மாடி நவம் அண்ணையும் வங்கி வங்கியாகப் போய்ச் சில்லறைக் காசு வாங்கிவந்து, அதற்குள் பழைய வெள்ளிக் காசு கிடக்கிறதா என்று தேடுகிறோமே, அந்த வேலை லாபமா நட்டமா என்பதுதான் உன் கணக்கு. அவருடைய வான் வண்டிக்கு அடிக்கிற பெற்றோல், வாகனம் நிறுத்துகிற காசு, நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருக்கிற நேரம், கடைசியில் என் முதுகுக்குத் தடவுகிற தைலம் வரைக்கும் கைபேசியில் தட்டினாய். தட்டி முடித்துவிட்டு, "அம்மா, இட் டஸ்ன்ட் மேக் சென்ஸ். ஒரு மணித்தியாலத்துக்கு மூண்டு டொலரும் வரேல்லை. கோப்பிக் கடையில நிக்கிற பெடியனுக்கு இதைவிடக் கூட" என்றாய். அதே மூச்சில், "பேசாமல் உந்த அப்பார்ட்மென்ற்றை விட்டுப்போட்டு எங்களோட பிக்கரிங்குக்கு வாங்கோ. பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு" என்றும் சொன்னாய். நான் உனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றித் தந்தேன்.

தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நீ எப்போதும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாய், நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் "ஓமம்மா ஓமம்மா" என்கிறாய். கடிதத்துக்கு நீ ஓமம்மா போட முடியாது. அதோடு, நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதன் பலன் இன்றைக்குத்தான் எனக்குக் கிடைக்கிறது: நான் சொல்வதை நீ ஒருமுறையாவது மெதுவாகக் கேட்கப் போகிறாய். ஷாலினிக்கும் வாசித்துக் காட்டு. உன் பெண்சாதிக்கு மறைக்கிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. வேறு யாருக்காவது காட்ட விரும்பினாலும் காட்டு.

முதலில் உன் கணக்கு சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்த நாட்டில் அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் அடித்த பத்துச் சதத்திலும் இருபத்தைந்து சதத்திலும் பெரும்பங்கு வெள்ளி. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் வேறு உலோகம். முகப்பில் அதே மகாராணி, பின்னால் அதே மான், பெறுமதியும் கடையில் அதே இருபத்தைந்து சதம். ஆனால் வெள்ளிக் காசுக் குத்தி ஒன்றை இன்றைக்கு நிறுத்துப் போட்டால் பல டொலர் வரும். பிந்திய கனடாக் காசெல்லாம் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. அதுதான் எங்கள் வித்தை முழுவதும். வங்கியில் இருந்து பெட்டி பெட்டியாக வாங்கிய, காகிதத்தில் சுற்றிய காசு றோல்களைப் பிரித்து மேசையில் கொட்டி, மேலால் காந்தத்தைக் கொண்டுபோவோம். எல்லாம் கடகடவென்று ஏறி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மேசையில் கிடக்கிறதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அநேகமாக அது அமெரிக்கக் காசாகத்தான் இருக்கும், அதுவும் ஒட்டாது, எங்களை ஏமாற்றுவதற்கென்றே எல்லை கடந்து வருகிற சாமான். எப்போதாவது ஒருநாள், ஓரம் வெள்ளை வெளேரென்று, சத்தம் மணி மாதிரி, ஒன்று கிடக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அதுவும் கிடக்காது. இந்த வேலையால் யாரும் மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கியதில்லை, வாங்கப் போவதுமில்லை.

ஆனால் இந்த வித்தையை நான் நவம் அண்ணையிடம் படிக்கவில்லை. நீ நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோதே அது எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது, நான்தான் அடையாளம் காணவில்லை. பார்க்டேலில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குக் கீழே காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்று இருந்தது, உனக்கு அந்தச் சவர்க்கார மணமாவது ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு இரவு வேலை, எனக்கு அந்தக் கடையில் பகல் வேலை. நீ உலர்த்துகிற மெஷினுக்கு முன்னால் இருந்து, உள்ளே சுழல்கிற உடுப்பைத் தொலைக்காட்சி மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாய். சில காசுகளை மெஷின் ஏற்காது. போடப் போட வெளியே துப்பும். சனம் வந்து என்னோடு சண்டை பிடிக்கும். கடைக்காரி ஒரு போலந்துக்காரி, நல்ல மனுசி. துப்புகிற காசுக்கு வேறு காசு கொடுத்து ஆளை அனுப்பு, சண்டை வேண்டாம், அந்தப் பழுதுக் காசை நீயே வைத்துக்கொள் என்றாள். அவள் கொடுக்கச் சொன்ன வேறு காசு என் கைக்காசு என்பது எனக்கு இரண்டு கிழமை போன பிறகுதான் விளங்கியது. சரி, செல்லாத காசாக இருந்தாலும் காசுதானே என்று ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தேன். பேணி மெல்ல மெல்ல நிரம்பியது.

அந்த முதல் பனி மாரிக்கு உன் சப்பாத்து பிய்ந்துவிட்டது. சும்மா சப்பாத்து, பனிச் சப்பாத்து இல்லை, உள்ளே பிளாஸ்ரிக் பை சுற்றித்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். அப்பாவின் சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது. பேணியைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். வாங்குவார்களோ, சத்தம் போடுவார்களோ என்று யோசித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வங்கியில் நின்ற பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் எண்ணி எடுத்துக்கொண்டு நோட்டாகத் தந்தாள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. மெஷின் ஏற்காத காசை வங்கி ஏற்றுவிட்டது, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். போகிற வழியிலேயே உனக்கு நீலநிறப் பனிச் சப்பாத்து வாங்கினேன். அந்தப் பேணிக்குள் போனது என்ன என்று எனக்குத் தெரியவந்தபோது உனக்கு மீசை முளைத்துவிட்டது. யாரோ வீட்டில் வெள்ளிக் காசு என்று ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். மான் போட்ட, ஓரம் வெளுத்த, நான் பேணி நிறைய வைத்திருந்த அதே காசு. அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவன் பனிக்குள்ள குதிச்சானே, அதைப் பார்த்தனீதானே? பிறகென்ன" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு கடையிலும் மிச்சக் காசை ஓரம் பார்க்காமல் நான் கைப்பைக்குள் போட்டதில்லை.

அப்பா போன பிறகு என் நாட்கள் எப்படி இருந்தன என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. நீ ஞாயிறுகளில் வருவாய், குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்ப்பாய், மருந்துப் பெட்டியைப் பார்ப்பாய், போவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ நல்ல பிள்ளை. ஆனால் திங்கள் காலையில் இருந்து சனி பின்னேரம் வரைக்கும் நான் யாரோடும் சத்தமாகக் கதைக்காத கிழமைகள் இருந்தன. அப்படியொரு கிழமையில்தான் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில், ஒரு மனிதர் மெஷினுக்கு நல்ல யாழ்ப்பாணத் தமிழில் ஏசிக்கொண்டு நின்றார். அவர் போட்ட இருபத்தைந்து சதத்தை அது திரும்பத் திரும்பத் துப்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பழைய வேலைப் பழக்கம் வந்துவிட்டது. என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு அவருடைய காசுக்குக் கை நீட்டினேன். "உது செல்லாத காசு பிள்ளை, உங்களுக்கு ஏன்?" என்றார். அறுபது வயது தாண்டிய என்னைப் பிள்ளை என்று சொன்ன ஆள் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். நான் ஓரத்தைப் பார்த்தேன். வெள்ளை. பேசாமல் மடியில் முடிந்துகொண்டு போயிருக்கலாம். "அண்ணை, இது வெள்ளி" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் காசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப இது உங்கட கண்ணுக்குக் கூலி. வைச்சிருங்கோ" என்றார்.

நவம் அண்ணையைப் பற்றி நீ விசாரித்திருப்பாய், ஆனாலும் நானே சொல்கிறேன். கொழும்பில் றேடியோ திருத்தியவர், இங்கே வந்து முப்பது வருடத்துக்குக் கிட்ட டக்சி ஓட்டியவர். மனைவி காலமாகிவிட்டா, மகள் லண்டனில். நீரிழிவு இருக்கிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. எங்கள் காந்தம் அவருடைய பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றியது, உள்ளங்கை அளவு, அவ்வளவு பலம். காசு மேசைக்குக் கீழே உருண்டால் அவருக்குக் குனிய ஏலாது. குனிந்தால் எழும்ப ஏலாது. அதனால் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் சின்னக் காந்தம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். வெள்ளி உருண்டால் அந்தத் தடிக்கும் வராது, நான்தான் தவழ வேண்டும். வான் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, வங்கியில் கதைப்பது அவர் பகுதி. ஓரம் பார்ப்பது, றோலைத் திரும்பச் சுற்றுவது என் பகுதி. நடுவில் தேத்தண்ணி யார் போடுவது என்பதில் மட்டும் தினமும் சண்டை வரும்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது: தேடி முடித்த காசை, வாங்கிய கிளையிலேயே திரும்பக் கொடுக்கக் கூடாது. வேறு கிளைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் சரியான பனி கொட்டியது. இந்தக் குளிரில் யார் இன்னொரு இடத்துக்கு ஓடுவது, இங்கேயே கொடுத்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை அதே இடத்தில் சனம் கையால் சுற்றிக் கொடுத்த றோல்கள் நிறையக் கிடைத்தன. எங்களுக்குச் சந்தோசத்தில் பெரிய புளுகம். கையால் சுற்றியதில்தான் பழைய வீடுகளின் உண்டியல் காசு வரும். ஒரு பின்னேரம் முழுக்கப் பிரித்தோம், காந்தம் போட்டோம், ஓரம் பார்த்தோம். ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு றோலை உடைத்தபோது உள்ளே இருந்து திருநீறு கொட்டியது. உனக்குத் தெரியும், நான் எந்தக் காரியம் தொடங்கினாலும் ஒரு சிட்டிகை திருநீறு போடாமல் தொடங்க மாட்டேன். நாங்கள் போன கிழமை தேடி முடித்து, நானே சுற்றிக் கொடுத்த எங்கள் சொந்தக் காசை, மறுபடியும் வரிசையில் நின்று வாங்கிவந்து பின்னேரம் முழுக்கத் தேடியிருக்கிறோம். நவம் அண்ணை திருநீற்றை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு, "சிவசிவா, லாபம் வந்திட்டுது" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் நீர் ஓடச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு நோக, மூச்சு முட்ட, மேல்வீட்டுக்காரர் நிலத்தில் தட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். அந்த வீட்டில் அப்பாவுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அதுதான், தம்பி. உன் கணக்கில் அந்தப் பின்னேரம் முழுச் செலவு.

செலவு வேறும் இருக்கிறது, நீ எழுத மறந்ததையும் நான் சேர்க்கிறேன். வங்கியில் நிற்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் கரைச்சல், பெரிய தொந்தரவு. ஏன் இவ்வளவு சில்லறை என்று முதல்நாள் கேட்டபோது, கடை வைத்திருக்கிறோம் என்று பொய் சொன்னேன். என்ன கடை என்று கேட்டாள். வாயில் வந்தது தோசைக்கடை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் தோசைக்கடை எப்படி நடக்கிறது என்று சுகம் விசாரிக்க, எனக்கு வெட்கம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். எடுக்கக் கூடாது, விதி இருக்கிறது என்றாள், ஆனால் மூடியைத் திறந்து மணத்தைப் பிடித்துப் பார்த்தாள். காசுப் பெட்டி தூக்கி அவருடைய தோள் ஒருமுறை இறங்கியது. என் விரல் நுனி எந்நேரமும் கறுப்பு. இதெல்லாம் செலவுதான். நட்டக் கணக்கு என்றுதான் நானும் சொல்கிறேன். இரண்டு பேரும் அது தெரிந்துதான் செய்கிறோம்.

இப்போது, நீ கேட்காத விடயத்துக்கு வருகிறேன். நீ போன ஞாயிறு காசுக் கணக்குப் பார்க்க வரவில்லை. அதற்கு முதல்நாள் மார்க்கத்தில் நடந்த பிறந்தநாள் கொண்டாட்டத்தில், ஷாலினியின் தகப்பனுடைய தங்கை, அந்த மாமி, உன்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கதைத்தா. "அம்மாவை அடிக்கடி ஒரு வானில காணுறன் தம்பி, ஆர் அந்த ஆள்?" என்று கேட்டாவாம். எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. அதே மாமி அடுத்த நாளே எனக்கும் தொலைபேசி எடுத்து, "நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பிதான் யோசிக்கிறான் போல கிடக்கு" என்றா. அந்த மனுசி ஒரு செலவும் இல்லாமல் உலகம் முழுக்கத் தபால் கொண்டுபோகும். நீ நேரே கேட்டிருக்கலாம். "அம்மா, ஆர் அவர்?" என்று மூன்று சொல். நீ பெற்றோல் விலையையும் மணித்தியாலத்தையும் கேட்டாய். கேட்க வெட்கப்பட்டாய், எனக்கு அது விளங்கியது. என் மனம் கொஞ்சம் நொந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்காவிட்டாலும் பதில் இது. தைப்பொங்கலுக்குப் பிறகு வெள்ளி விலை நன்றாக ஏறியது. இதுவரை சேர்ந்ததை விற்போம் என்று ஸ்காபரோவில் பழைய காசு வாங்குகிற கடைக்கு இரண்டு பேரும் கொண்டுபோனோம். கடைக்காரன் தராசில் போட்டான். முதல்நாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் அவர் தந்த காசை மட்டும் நான் விற்கவில்லை. மூன்று மாரி தேடியது ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கியது. வீட்டுக்கு வந்து காசைப் பாதி பாதியாகப் பிரித்தேன். அவர் தன் பாதியைத் தொடாமல் இருந்தார். "உந்தக் காசில ஒரு சாமான் வாங்கலாமெண்டு யோசிக்கிறன். வெள்ளியில வந்தது வெள்ளியிலயே போகட்டும்" என்றார். "என்ன சாமான் அண்ணை?" என்றேன். "முதல்ல உந்த அண்ணையை விடுங்கோ, பிறகு சொல்லுறன்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. எழும்பிப் போய், கழுவிவைத்த கோப்பைகளை எல்லாம் மறுபடி கழுவினேன். அவர் பின்னால் வரவில்லை, வற்புறுத்தவில்லை. போகும்போது கதவில் நின்று, "மெட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இனி இந்தக் கடிதத்தில் அவரை அண்ணை என்று எழுதப் போவதில்லை.

நான் ஒரு கிழமை எடுத்தேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்தும் கேட்டேன். படம் ஒன்றும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும்போதும் உன் அப்பா எதற்கும் உடனே பதில் சொன்னதில்லை, எல்லாவற்றையும் என் முடிவுக்கு விட்டுவிட்டுப் பிறகு அது தன் முடிவு மாதிரிச் சொல்லித் திரிவார். அதனால் நானே கணக்குப் பார்த்தேன், உன்னை மாதிரி, ஆனால் கைபேசி இல்லாமல். சனம் கதைக்கும். கோயிலில் சிலர் என்னைக் கண்டு மற்றப் பக்கம் பார்ப்பார்கள். உன் மாமனார் வீட்டில் உனக்குக் கொஞ்சக் காலம் தலைகுனிவாக இருக்கும், அது உனக்கு நான் வைக்கிற செலவு, அதற்காக வருந்துகிறேன். பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அவருக்கு எழுபது. எங்கள் இருவரில் ஒருவர் மற்றவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டி வரும். அந்தக் கதிரையில் நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். அது எப்படி இருக்கும், வீட்டுக்குத் திரும்பி வந்து மற்றக் கட்டில் தலையணையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த விலை முழுவதும் தெரிந்துகொண்டுதான், எட்டாம் நாள் இரண்டு மாடி கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, ஓம் என்றேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இந்த வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நேரமில்லை.

அப்பாவை நான் மறந்துவிட்டேன் என்று நீ ஒரு நொடி நினைத்தாலும் உன் காதைத் திருகுவேன். அவர் கட்டிய தாலி என் பெட்டிக்குள் இருக்கிறது, அது ஒன்றே எனக்குப் போதும். இன்னொரு தாலி வேண்டாம் என்று நவத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். தன் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் படத்தையும் மாட்ட ஆணி அடித்துவிட்டார். மெட்டி மட்டும். வெள்ளி விற்ற காசில் அவர் பாதி மெட்டிக்குப் போனது, மிச்சம் ஒரு டொலரும் சொச்சமும். என் பாதியில், பிறக்கப்போகிற உன் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி வைத்திருக்கிறேன். ஆணோ பெண்ணோ அரைஞாணுக்கு வித்தியாசம் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் பிறந்தவுடன் முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் நான் உங்கள் வீட்டில்தான் நிற்பேன். ஷாலினிக்குப் பத்தியக் கறி நான்தான் வைப்பேன், பிள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன், அந்தத் தபால் மாமி வாசலில் நிற்கலாம். அதற்குப் பிறகும் கிழமையில் மூன்று நாள் ரயிலில் வருவேன், நீ ஸ்டேஷனுக்கு வந்து ஏற்று. ஆனால் உன் பேஸ்மென்ற்றுக்குக் குடிவர மாட்டேன். அது நல்ல பேஸ்மென்ற், கம்பளம் போட்டிருக்கிறாய், தனிக் குளியலறை கட்டியிருக்கிறாய், நீ எனக்கென்று ஆசையாகச் செய்தது எனக்குத் தெரியும். அந்த ஆசையைத் தலையில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே நான் உன் பொறுப்பு. இங்கே நான் எனக்குச் சொந்தக்காரி. எனக்கு என் கையால் ஒரு வீட்டுக் கதவின் திறப்பைத் திருப்ப வேண்டும், ஒருவரோடு தேத்தண்ணிக்குச் சண்டை பிடிக்க வேண்டும். நீயும் ஒருநாள் என் வயதுக்கு வருவாய். அப்போது உன் பிள்ளை உனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால், அது சரியான கணக்காக இருந்தாலும், உனக்கு என்ன வேண்டும் என்று நீயே முடிவெடு. உனக்கு நான் சொல்கிற ஒரே புத்தி அதுதான்.

வைகாசியில் நாள் பார்த்திருக்கிறோம். காலையில் பதிவு, பிறகு என் வீட்டில் ஒரு சின்னப் பூசை, ஐயர் வர ஒப்புக்கொண்டுவிட்டார். மெட்டி போட அம்மி வேண்டும், அம்மிக்கு எங்கே போவது, ஒரு காசுப் பெட்டியை வைத்து மிதிக்கிறேன், பாரமும் சரியாக இருக்கும் என்றேன். "காசை மிதிக்கிறதோ! லட்சுமி ஓடிப்போயிடுவா" என்று நவம் என்னோடு ஒருநாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கேயோ வாடகைக்கு ஒரு அம்மி பிடித்திருக்கிறார், அதை லிப்ட்டில் மேலே ஏற்றக் கட்டடக் காவலாளியோடு இப்போதே கதைத்து வைத்திருக்கிறார்.

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பது பெண்ணின் சகோதரம் என்று உனக்குத் தெரியும். எனக்குச் சகோதரம் என்று இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. என் பக்கத்து ஆள் என்று இருப்பது நீ மட்டும்தான். வேட்டியும் சட்டையும் அவர் வாங்கி வைத்திருக்கிறார், உன் அளவு எனக்குத் தெரியாதா. நீ கோபித்துக்கொண்டு வராமல் இருந்தாலும் அன்றைக்குக் காரியம் நடக்கும், நான் பின்வாங்க மாட்டேன். ஆனால் அந்த மனிதர் என் காலில் மெட்டி போடக் குனிய வேண்டும், தம்பி. போட்டு முடித்தால் அவருக்கு எழும்ப ஏலாது. கைகொடுத்துத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். அந்தக் கை உன் கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வா.

உன் அம்மா